பச்சைத் தண்ணீருக்கு ஒன்பது

பிணவறையில் அம்மாவை அடையாளம் காட்டச் சொன்னார்கள். துணியை முழுக்க விலக்க வேண்டியிருக்கவில்லை. இடது காதின் மேல்பாதி இல்லை. தையல் போட்ட கறுப்பு நூலின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "ஆமாம்" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பாதிக் காதைக் கடித்துத் துப்பியவன் ஒரு வெல்டர். அம்மாவின் நோயாளி. காது போனதால் யாரும் சாவதில்லை. கடிப்பதற்கு முன் அவன் அவள் தலையைச் சுவரில் மோதினான். இதய வால்வுக்காக அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு வந்தாள். முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு மண்டைக்குள் ரத்தம் மெல்லக் கசிந்திருக்கிறது. சில வாரம் கழித்துக் குளியலறை வாசலில் விழுந்தாள். எழவில்லை.

இடைப்பட்ட நாட்களில் அம்மா என்னிடம் ஒரே ஒரு வேலையை ஒப்படைத்தாள். அந்த வெல்டரைச் சாகவிடக் கூடாது.

அம்மா அரிப்பை ஆராய்ந்தவள். படித்தது உளவியல். வேலை பார்த்தது தோல் மருத்துவமனை ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவில். யாராவது கேட்டால் இப்படித்தான் சொல்வாள்: "வலிச்சா கையை எடுத்துக்கறோம். அரிச்சா கையைக் கொண்டு போறோம். ரெண்டும் ஒரே தோல்தான். அது ஏன்னு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்."

சித்தப்பா விசேஷ வீடுகளில் அவளை அறிமுகப்படுத்துவார். "எங்க அண்ணி சொறிக்கு டாக்டர்."

"சொறிக்கு இல்ல தம்பி, சொறியிற கைக்கு. உங்க கையைக் காட்டுங்க, நகத்துல என்ன இவ்வளவு அழுக்கு?"

அப்பா வேறு குடும்பம் தேடிப் போனபோது வாசலில் நின்று கடைசியாகச் சொன்னது இது: "உன் பக்கத்துல உக்காந்தாலே எனக்கு உடம்பெல்லாம் அரிக்குதுடி." அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னாள். "அரிக்கும். அரிப்பைப் பத்திப் பேச்சைக் கேட்டாலே கேக்கறவனுக்கு அரிக்கும். அதுக்கு ஆராய்ச்சி இருக்கு." பிறகு உள்ளே வந்து குக்கரை இறக்கினாள். மூடி கைநழுவி என் கால் மேல் விழுந்தது.

அரிப்பு சாதுவான நோய் என்று நினைப்பவர்கள் அந்த வார்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் முழங்கையைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளை நரம்பு தெரிய வந்த பள்ளி ஆசிரியை இருந்தாள். கொதிக்கிற தண்ணீர் பட்டால் அரிப்பு சற்று அடங்கும் என்பதால் இரண்டு காலையும் வேகவைத்துக்கொண்ட ஒரு பெண் இருந்தாள்; கல்யாணம் நிச்சயமானவள். தூக்கத்தில் தலையைப் பிராண்டி மண்டை எலும்பைத் தொட்ட லாரி டிரைவர் ஒருவர் இருந்தார். காலையில் விரிப்புகளை எடுக்கும்போது சலவைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கசாப்புக் கடைத் துணி மாதிரி இருக்கும். இதெல்லாம் யாரும் யாருக்கும் செய்ததல்ல. அவரவர் கையால் அவரவருக்கு.

அம்மா கோட்டுப் பையில் நகவெட்டி வைத்திருப்பாள். வார்டுக்குள் நுழைந்ததும் வணக்கத்துக்குப் பதில் "நகம் காட்டுங்க" என்பாள். எனக்கும் அதே வணக்கம்தான், காலேஜ் முடித்த பிறகும்.

இன்னொரு பழக்கம் உண்டு. நோயாளி எதிரில் அவள் சொறிந்துகொள்ளவே மாட்டாள். கொட்டாவி மாதிரி அது தொற்றும். ஒருத்தர் சொறிந்தால் பக்கத்துக் கட்டில் சொறியும், அடுத்து வரிசை முழுக்க. கன்னத்தில் கொசு உட்கார்ந்தாலும் குடித்துவிட்டுப் போகட்டும் என்று இருப்பாள். தாங்க முடியாதபோது ஷூவுக்குள் கால்விரல்களை மடக்கிக்கொள்வாள். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நான் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். அழுத்தமானி, தராசு, வெப்பமானி. அம்மாவின் ஆய்வறைக்கு ஒரு குமிழ் செய்து கொடுத்தேன். சைபரிலிருந்து பத்து வரை. நோயாளி நாற்காலியில் சாய்ந்தபடி, அரிப்பு ஏற ஏறக் குமிழைத் திருப்புவார். திரையில் கோடு ஏறும். அரிப்பை அளக்க வேறு கருவி கிடையாது. அரிக்கிறவர் சொல்வதுதான் அளவு. எனக்கு அது பிடிக்கவில்லை. "சரிபார்க்க முடியாத அளவு அளவே இல்லம்மா" என்றேன். "அப்போ நீ பொறந்தப்ப எனக்கு வலிச்சதும் இல்லையா?" என்றாள்.

அவளோடு சேர்ந்து ஆராய்ந்தவர் தோல் டாக்டர். வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் இருவர் பெயரும் சேர்ந்தே வரும். அறைக்குள் இருவரும் சேர்ந்து ஒரு மணி நேரம் இருந்தால் ஏதாவது உடையும். அவர் அவளை "சைக்காலஜி" என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை "தோலு" என்பாள். எதிலும் தோலில்தான் காரணம் இருக்கும் என்பது அவர் கட்சி. மூளையைக் கேட்காமல் தோல் ஒன்றும் செய்யாது என்பது அவள் கட்சி. ஒரு முறை அவர் மேசையை உதைத்ததில் நுண்ணோக்கி கீழே விழுந்தது. மறுநாள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணாடிச் சில்லைப் பொறுக்கிக்கொண்டே அடுத்த ஆய்வுக்குத் திட்டம் போட்டார்கள்.

வெல்டரை அம்மாவிடம் அனுப்பியது அவர்தான். "தோல்ல ஒண்ணுமில்ல. அவனே பிச்சுக்கிட்ட புண்ணுதான் இருக்கு. உன் கேஸு, சைக்காலஜி."

அவன் இரண்டு முழங்கால்களுக்குக் கீழும் தோல் இல்லாமல் வந்தான். இரும்பில் கசடு தட்டுகிற கம்பி பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறான். கழுத்தில் எப்போதும் ஒரு தடித்த துண்டு. தீப்பொறி விழாமலிருக்க வெல்டர்கள் சுற்றிக்கொள்வது. வேலை இல்லாதபோதும் அவன் அதை எடுப்பதில்லை. கூட வந்த மனைவிக்கு ஒரு கண்ணின் கீழ் நீலம் பாய்ந்திருந்தது. வலது சுண்டுவிரல் கோணலாக ஒட்டியிருந்தது.

"அடிச்சாரா?" என்று அம்மா அவளிடமே நேராகக் கேட்டாள்.

"ராத்திரி முழுக்க பர்ரு பர்ருன்னு சத்தம் மேடம். ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான், படுத்துத் தூங்குன்னேன். அதுக்குத்தான்."

அம்மா வெல்டர் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தடவை இவங்க மேல கை பட்டா இந்த வாசப்படி மிதிக்காதீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க அரிப்பு நிஜம். நீங்க பொய் சொல்லல."

ஒன்றரை வருஷமாக யாரும் அதை அவனிடம் சொன்னதில்லை. பட்டறை டாக்டர், அண்ணன், மனைவி, தோல் டாக்டர், எல்லோரும் ஒரே பாட்டு. அவன் அம்மாவின் மேசையில் நெற்றியை வைத்து அழுதான் என்று அவள் அன்று சாப்பிடும்போது சொன்னாள். சொல்லிவிட்டு, "பாவம், நல்ல நோயாளி" என்றாள். அவள் அகராதியில் அதற்கு அர்த்தம், குமிழை ஒழுங்காகத் திருப்புகிறவன்.

ஆய்வு இதுதான். முன்கையில் இரண்டு இடத்தில் ஒவ்வொரு துளி விட்டு ஊசி முனையால் லேசாகக் குத்துவார்கள். ஒரு துளியில் அரிப்பைக் கிளப்பும் மருந்து. மற்றதில் பச்சைத் தண்ணீர். இரண்டுமே அரிக்கும் என்று நோயாளியிடம் சொல்வார்கள். அரிக்கும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் எவ்வளவு அரிப்பை உண்டாக்குகிறது என்று பார்ப்பதற்கு. முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அது சட்டம். ஏமாந்தவரை ஏமாந்தபடியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

அம்மா அந்த உண்மையை எத்தனையோ மாணவர்களிடம் சொல்லியிருக்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். "அய்யோ, தண்ணியா மேடம்?" என்று கையைப் பார்த்துக்கொள்வார்கள். அவளுக்கு அது ஒரு வேடிக்கை மாதிரி. கடைசியில் மிட்டாய் கொடுப்பது மாதிரி. அதனால் அதை நல்ல செய்தி என்றே நினைத்துவிட்டாள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு மட்டும்தான் அது நல்ல செய்தி.

ஆய்வறையில் கேமரா உண்டு. போலீஸுக்கு நகல் எடுத்துக் கொடுத்தது நான். அதனால் பார்த்தேன்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. பச்சை ரெக்ஸின் நாற்காலி. வெல்டர் சாய்ந்திருக்கிறான். முதல் துளிக்குக் குமிழ் ஏழு. சில நிமிடம் விட்டு இரண்டாம் துளி. கோடு ஏறுகிறது. ஏறிக்கொண்டே போகிறது. அவன் பல்லைக் கடிக்கிறான். ஒன்பதில் நிற்கிறது. குமிழைப் பிடித்த விரல்கள் வெளுத்திருக்கின்றன. இரண்டாவதுதான் தண்ணீர்.

அம்மா திரையைப் பார்த்து முகம் மலர்வது தெரிகிறது. யாருக்கும் ஒன்பது வந்ததில்லை. உடனே கதவைத் திறந்து வெளியே உட்கார்ந்திருந்த மனைவியைக் கூப்பிடுகிறாள். இவர் நடிக்கவில்லை, மூளை இப்படியும் செய்யும் என்று அவளுக்கும் புரியட்டும் என்று நினைத்திருக்கிறாள்.

"இங்க பாருங்க. இவர் கையில நான் ரெண்டாவதா விட்டது என்ன தெரியுமா? வெறும் தண்ணி. மருந்தே இல்ல. ஆனா இவருக்கு ஒன்பது வரைக்கும் அரிச்சிருக்கு."

வெல்டர் அசையவில்லை. மனைவி ஒரு கணம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"தண்ணியா? பச்சத் தண்ணிக்கா இந்த ஆட்டம் ஆடின? இதுக்கா என் விரலை உடைச்ச?"

அவன் எழுந்த வேகத்தில் குமிழ் கம்பியோடு பிய்ந்து வந்தது. அந்த உலோகக் குமிழாலேயே மனைவியின் வாயில் குத்தினான். பல் தெறித்துத் தரையில் விழுவது பதிவில் கேட்கிறது. அம்மா குறுக்கே புகுந்தாள். "கையை எடுங்க! என்னைப் பாருங்க!" என்று கத்தினாள். அவன் பார்த்தான். "நீயும் பொய்யின்னுட்ட. நீயுமா?" என்றான். தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு முறை, மறுபடியும். பிறகு அவளைக் கட்டிப்பிடிப்பது போல இழுத்துக் காதில் வாயை வைத்தான். அம்மாவின் வலது கை அவன் துண்டுக்குள் நுழைந்து கழுத்தை நெட்டித் தள்ளுகிறது. காவலாளிகள் வந்து இழுத்தபோது அவன் வாயில் இருந்ததைத் துப்பினான். அதோடு பதிவை நிறுத்தினேன். மறுபடி பார்க்கவில்லை.

கட்டுப் போட்டுக் கட்டிலில் படுக்கவைத்திருந்த அம்மா என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "கட்டி இருக்கு."

"உனக்கா? எங்கம்மா? டாக்டரைக் கூப்பிடறேன்."

"எனக்கு இல்லடி. அவனுக்கு. கழுத்துல, காறையெலும்புக்கு மேல. என் கட்டைவிரல் அங்கதான் இருந்துச்சு. ரப்பர் மாதிரி நழுவுது. ஒண்ணு இல்ல, கொத்தா இருக்கு."

"அவன் உன் காதைக் கடிச்சிட்டிருக்கும்போது நீ அவனுக்கு வைத்தியம் பாத்தியா?"

"கை சும்மாத்தானே இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவளை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. அவள் நிறுத்தவில்லை. தோலில் தடிப்பு எதுவும் இல்லாத அரிப்பு, நாளுக்கு நாள் மெலிவு. பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்தான். தூக்கம் இல்லாததால் மெலிகிறான் என்று இவர்களே முடிவு செய்துகொண்டார்கள். காலைப் பார்த்தார்கள், முதுகைப் பார்த்தார்கள். துண்டை அவிழ்க்கச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை. நிணநீர்க் கட்டிகளில் வரும் புற்றுநோய், சில பேருக்கு வெறும் அரிப்பாகத்தான் முதலில் தெரியும். அவளே அதைப் பாடமாக எடுத்திருக்கிறாள்.

"தண்ணிக்கு ஒன்பதுன்னா உள்ள ஒண்ணுமே இல்லேன்னு அர்த்தமில்லடி. எரியிற அடுப்பை ஊதினேன். குப்புன்னு எரிஞ்சுது. அடுப்பு எரியுதான்னு பாக்காம ஊதினது நான்."

தோல் டாக்டர் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. கண் சிவந்திருந்தது. அவர் அதற்குள் போலீஸுக்கு ஒரு சான்று கொடுத்துவிட்டிருந்தார்: நோயாளியின் அரிப்பு கற்பனையானது, மனநிலை சரியில்லை. வெல்டரின் வக்கீலும் அதைத்தான் கேட்டிருந்தார். அப்படியென்றால் சிறைக்குப் பதில் பூட்டிய மனநலப் பிரிவு.

"வாபஸ் வாங்குங்க" என்றாள் அம்மா. "போய் அவன் கழுத்தைத் தொட்டுப் பாருங்க."

"உன் காதைத் தின்னவன் கழுத்தையா? நெரிக்கச் சொல்லு, போறேன்."

"யோவ் தோலு! பைத்தியம்னு ஒரு தடவை எழுதிட்டா அப்புறம் எவனாவது அவன் உடம்பைத் தொடுவானா? அரிக்குதுன்னா ஊசி போட்டுத் தூங்கவைப்பான். ஆறே மாசத்துல உள்ளேயே போய்டுவான்."

"போகட்டும்."

அம்மா தலைமாட்டில் இருந்த தண்ணீர் பாட்டிலை எறிந்தாள். அவர் தோளில் பட்டு உடைந்தது. நனைந்த சட்டையை உதறினார். "முதல்ல நீ தேறு, சைக்காலஜி. அப்புறம் கத்தலாம்" என்று போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் விடவில்லை. சிறை மருத்துவமனைக்குப் போன் செய்தாள். தாக்கப்பட்டவரே பேசுவதைக் கேட்டு அவர்கள் மரியாதையாக வைத்துவிட்டார்கள். தலை வலிக்கிறது என்றாள். எழுந்தால் கால் ஒரு பக்கமாக இழுத்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவள் உட்பட.

"தோலுகிட்ட நீ போய்ப் பேசுடி. நீ சொன்னா கேப்பாரு."

"மாட்டேன்."

"ஏன்?"

"அவன் சாகட்டும்மா. புழுத்துச் சாகட்டும். பிச்சுப் பிச்சுச் சாகட்டும்."

அம்மா என்னை அறைந்தாள். பொறி கலங்கியது. அதற்கு முன் அவள் என்னை அடித்ததே இல்லை. அடித்த கையை அவள் பார்த்துக்கொண்டாள். விரல்கள் சரியாக மடங்கவில்லை.

"நான் அவன்கிட்ட நிஜம்னு சொன்னேன்" என்றாள். "சொல்லிட்டு, ஆள் முன்னாடி வெச்சுப் பொய்யாக்கினேன். எனக்காக ஒண்ணும் செய்யவேணாம். சொன்ன வார்த்தைக்காகச் செய்."

மறுநாள் காலை குளியலறை வாசலில் விழுந்தாள்.

எரித்துவிட்டு வந்த பிறகு வழக்கு கொலை வழக்காக மாறியது. நான் தோல் டாக்டரின் அறைக்குப் போனேன். அவர் எதிர் நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார். அது அம்மாவின் நாற்காலி.

"அவன் கழுத்தைப் பாக்கணும்" என்றேன்.

"சாகட்டும் பாப்பா."

"நானும் அதைத்தான் சொன்னேன். அறை வாங்கினேன்."

நிமிர்ந்து பார்த்தார். "உன்னையா? கை ஓங்கினாளா?"

"பளார்னு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து மேசையைக் குத்தினார். மேசைக் கண்ணாடி விரிசல் விட்டது. கை ரத்தத்தைக் கோட்டில் துடைத்துக்கொண்டு பையைத் தேட ஆரம்பித்தார். "செத்தும் என்னை விடமாட்டா" என்று முணுமுணுத்தார். நர்ஸுகள் எல்லோரும் அவனருகே வர மறுத்தார்கள். "விளக்குப் பிடிக்க ஆள் வேணும்" என்றார். நான் போனேன். சிறை வாசலில் என்னைக் காட்டி "எங்க யூனிட்" என்றார். யாரும் பெயர் கேட்கவில்லை.

சிறை மருத்துவமனையில் அவனை ஒரு இரும்புக் கட்டிலில் போட்டிருந்தார்கள். இரண்டு கையும் கட்டில் கம்பியில் விலங்கிடப்பட்டிருந்தன. பிராண்டிக்கொள்ளக் கூடாதென்று கால்களையும் கட்டியிருந்தார்கள். அவன் முதுகைக் கட்டில் விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தான். மரம் அறுக்கிற மாதிரி, நிற்காமல். விரிப்பு முதுகோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. எங்களைக் கண்டதும் தேய்ப்பதை நிறுத்தினான்.

தோல் டாக்டர் கையுறை போட்டுக்கொண்டார். துண்டு ஏற்கெனவே இல்லை. நான் விளக்கைப் பிடித்தேன். காறையெலும்புக்கு மேல் தொட்டார். அங்கேயே விரல் நின்றுவிட்டது. மறுபக்கம் தொட்டார். அக்குளில் தொட்டார். அவர் தாடை அசைந்தது. பிறகு, "ரத்தம் எடுக்கணும், டியூப் கொண்டு வரேன்" என்று வெளியே போனார். காவலர் வாசலில் முதுகைக் காட்டி நின்றார்.

வெல்டர் என்னைப் பார்த்தான். நான் யாரென்று அவனுக்குத் தெரியாது.

"சிஸ்டர். தோள்பட்டைக்குக் கீழ. கொஞ்சம் சொறிஞ்சு விடுங்க. உங்க கால்ல விழறேன்."

அம்மா இருந்தால் சொறிய மாட்டாள். ஈரத் துணி வைத்து உள்ளங்கையால் அழுத்துவாள். எனக்கு அது தெரியும். விளக்கைக் கீழே வைத்தேன். அவன் தோளுக்கடியில் இரண்டு கையையும் விட்டேன். பத்து விரலையும் பதித்து இழுத்தேன். அவனுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் இழுத்தேன். காய்ந்த பொருக்கு பெயர்ந்தது. அடியில் ஈரம். மறுபடி அதே இடத்தில் இழுத்தேன். என் நகத்துக்குள் அவன் சதை ஏறியது. கத்துவான் என்று காத்திருந்தேன்.

"அப்படித்தான்" என்றான். கண்ணிலிருந்து தாரையாக நீர் வழிந்தது. "அப்படித்தான் தாயி. இன்னும். நீங்க நல்லா இருக்கணும்."

இன்னும் ஆழமாக இழுத்தேன். அவன் என்னை வாழ்த்திக்கொண்டே இருந்தான். என்னால் அவனை வலிக்கவைக்க முடியவில்லை. தோல் டாக்டர் திரும்பி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தபோதுதான் என் முழங்கை வரை சிவந்திருந்ததைப் பார்த்தேன்.

"போதும் பாப்பா. நகம் பாரு, எவ்வளவு வளர்த்து வெச்சிருக்க" என்றார். கழுவுதொட்டிக்கு என்னை இழுத்துப்போய் அவரே கையைக் கழுவினார்.

கட்டியை அறுத்து எடுத்துப் பார்த்தார்கள். அம்மா சொன்னதுதான். நெஞ்சுக்குள்ளும் பரவியிருந்தது, ஆனால் குணமாகக்கூடிய வகை. மருந்து ஏற்ற ஆரம்பித்ததும், கட்டி கரைவதற்கு முன்பே அரிப்பு நின்றுவிட்டது. விலங்கை அவிழ்த்தும் அவன் கை முதுகுக்குப் போகவில்லை என்று டாக்டர் வந்து சொன்னார். சொல்லிவிட்டு என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து ரொம்ப நேரம் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

நீதிமன்றத்தில் வக்கீல் பழைய சான்றை எடுத்து நீட்டினார். "பச்சைத் தண்ணி பட்டு ஒன்பது மார்க் அரிக்குதுன்னு சொன்ன ஆளு, சுய புத்தியோடயா இருந்திருப்பார்?"

தோல் டாக்டர் கூண்டில் ஏறி அதைத் திரும்பப் பெற்றார். "அது நான் சரியாப் பாக்காம எழுதினது. உள்ள நோய் இருந்தது. இவர் அரிப்பு நிஜம்." அந்த வார்த்தை வெல்டருக்கு இருந்த ஒரே தப்பிக்கும் வழியை அடைத்தது. வக்கீல் தலையில் கைவைத்தார். வெல்டர் கூண்டின் கட்டையில் நெற்றியை வைத்து அழுதான், அம்மாவின் மேசையில் அழுதது போலத்தான் இருந்திருக்கும். தண்டனையை வாசித்தபோது அவன் கேட்ட மாதிரியே தெரியவில்லை. நீண்ட தண்டனை. உயிரோடு அனுபவிப்பான்.

வராந்தாவில் அவன் மனைவி என் அருகில் வந்தாள். முன்பற்கள் இரண்டு இல்லை. முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அவருக்கு நிஜமாவே அரிச்சிருக்காம்மா?"

"ஆமாம்."

கோணல் விரலைத் தடவிக்கொண்டாள். "எனக்கும் நிஜமாத்தான் வலிச்சுது. அதை யாரும் கூண்டுல ஏறிச் சொல்லல."

அவள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று படியிறங்கிப் போனாள். வராந்தாவில் ஆட்கள் கடந்துகொண்டிருந்தார்கள். அம்மா அறைந்த கன்னத்தில் அரித்தது. கையைக் கொண்டுபோகவில்லை. ஷூவுக்குள் கால்விரல்களை மடக்கிக்கொண்டு நின்றேன்.